மஞ்சளா, பச்சையா?

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஏழு வாளிகள் உண்டு. ஏழிலும் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஆனால் குளிக்க ஒரு குவளை மொள்ள முடியாது. "அதுல கை வைக்காத, நாளைக்கு வக்கீல் ஆபீசுக்குப் போற தண்ணி" என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அதில் இருபத்தெட்டு வருடம் வாளிகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்று குளித்தவள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மீன்தொட்டி பராமரிப்பதுதான் அவர் தொழில். தொட்டிக்காரர் என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வக்கீல் ஆபீஸ், முடிதிருத்தும் கடை, இரண்டு ஓட்டல், சில வீடுகள், ஒரு குழந்தை டாக்டர் என்று பதினோரு தொட்டிகள். முறை வைத்து ஒவ்வொன்றுக்கும் போய் பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, புதுத் தண்ணீர் விட்டு, கண்ணாடி துடைத்து வர வேண்டும். மீன் மேல் ஆசை வைத்து இதற்கு வந்தவர் இல்லை. வேலை பார்த்த குழாய்க் கடையை மூடிவிட்டார்கள். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர், "சும்மாதானே இருக்கீங்க, இந்தத் தொட்டியைக் கழுவிக் குடுங்க" என்றார். அன்றைக்குக் கழுவ உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு மீன்கூடக் கிடையாது. தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீர் என்றால் சாதாரணத் தண்ணீர் இல்லையாம். குழாயில் வருவது கெட்டித் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது. சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். ஃபில்டரில் வடிந்து வருவது அதற்கு நேர்மாறு. சுண்ணாம்பும் உப்பும் போய் வெறும் தண்ணீராக இருக்கும். சில மீன்களுக்குக் கெட்டித் தண்ணீர்தான் பிடிக்கும். சிலவற்றுக்கு லேசான தண்ணீர் வேண்டும், அதுவும் கொஞ்சம் புளிப்பாக. குழந்தை டாக்டர் வீட்டு மீன்கள், இல்லை, கிளினிக் மீன்கள், அந்த ஜாதி. தட்டு மாதிரி வட்டமாக, ஆளுக்கொரு நிறத்தில் ஒன்பது மீன்கள். பணக்கார வீட்டு மாப்பிள்ளை மாதிரி அவற்றுக்கு எல்லாம் தனி. மூன்று வாளி ஃபில்டர் தண்ணீருக்கு ஒரு வாளி குழாய்த் தண்ணீர் கலந்து, அதில் காய்ந்த வாதாம் இலையை இரண்டு நாள் ஊறப்போட்டு, அது வெளிர் டீ நிறத்துக்கு வந்த பிறகு கொண்டுபோக வேண்டும். எனக்கு ஜுரம் வந்தால்கூட இப்படி ஒரு கஷாயம் வைத்ததில்லை.

"அந்த ஒரு வாளி குழாய்த் தண்ணி மட்டும் எதுக்கு? மொத்தமும் ஃபில்டர் தண்ணியே ஊத்த வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மீன் இருக்க இருக்கத் தண்ணி புளிச்சுக்கிட்டே வரும். கொஞ்சமாவது கெட்டித்தன்மை இருந்தா அந்தப் புளிப்பை அது தாங்கும். அது தீந்துட்டா தாங்க ஆளில்ல. சட்டுனு புளிப்பு ஏறி, விடியறதுக்குள்ள எல்லாம் செத்து மிதக்கும்" என்றார்.

அந்தப் பயத்தில்தான் அவர் பையில் எப்போதும் ஒரு டப்பா சமையல் சோடா இருக்கும். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை. எவ்வளவு புளிப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும், ஒரு புட்டி சொட்டு மருந்தும், ஒரு நிற அட்டையும் வைத்திருந்தார். குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மூன்று சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் வரும். மஞ்சள் என்றால் புளிப்பு, நீலம் என்றால் அதற்கு நேர்மாறான காரம், பச்சை என்றால் நடுவில். அதை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்து எண் சொல்வார். டாக்டர் தொட்டிக்கு வெளிர் மஞ்சள் இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இவருடைய மூளை, மூக்கு, நாக்கு எல்லாம் அந்த நிற அட்டைதான்.

போன வருடக் கடைசியில் டாக்டர் தொட்டியில் ஒரு மீன் செத்தது. வயசாகியிருக்கும் என்றார். அடுத்த மாதம் இரண்டு. குழாய்த் தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்றார். இன்னும் இரண்டு போன பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பத்து இடத்து மீன்களும் முரட்டு மீன்கள், சாக்கடையில் விட்டாலும் குட்டி போடும். இந்தத் தொட்டிதான் நோஞ்சான். இதுதான் எங்கள் வீட்டுச் சோற்றில் பாதி.

வாரம் ஒருமுறை போனவர் மூன்று முறை போக ஆரம்பித்தார். கிளினிக் இரண்டாவது மாடி. லிஃப்டில் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கே இடம் இருக்காது. கைக்கு ஒரு கேனாக, இருபது லிட்டர் கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். வயது அறுபத்தொன்று. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் நீட்டிப் படுத்துவிடுவார். "சாப்பிடுங்க" என்றால் "ம்" என்பார். "காலைப் பிடிச்சு விடட்டுமா" என்றாலும் "ம்". அந்த "ம்" எனக்குப் பழகிவிட்டது, அதுதான் கவலை. எனக்கும் அப்போது அலுப்பு. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியே நாளாகிவிட்டது.

குழந்தை டாக்டர் கோபக்காரி இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு அறுபது குழந்தைகளின் அழுகையைக் கேட்கிற மனுஷி. "இன்னும் ஒண்ணு செத்துச்சுன்னா தொட்டியை எடுத்துட்டு டிவி மாட்டிடறேன். குழந்தைங்க செத்த மீனைப் பார்த்து அழுதுட்டே உள்ள வருது. நான் ஊசி போடறதா, மீனுக்குச் சமாதானம் சொல்றதா?" என்று சொல்லிவிட்டார். நாலு மீன்கள் மிச்சம்.

நான் தைப்பவள். வாசல் அறையில் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சட்டையை அகலப்படுத்துவது என்று அக்கம்பக்கத்தார் வேலைகளைச் செய்கிறேன். அன்று ஆகாய நீலத்தில் நாலு பள்ளிக்கூடச் சட்டைகள் வந்திருந்தன. நூல் தீர்ந்துவிட்டது. வெளியே போனவரிடம் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, இதே நிறத்தில் இரண்டு கண்டு வாங்கி வரச் சொன்னேன். சாயங்காலம் வந்து மெஷின் மேல் வைத்தார். இரண்டும் வெளிர் பச்சை.

"என்னங்க இது?"

"நூல். நீ கேட்டதுதான்."

"நான் நீலம்ல கேட்டேன். இது பச்சை."

"நீலந்தான். நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாரு."

ஜன்னலுக்குக் கொண்டுபோய் துணியையும் நூலையும் ஒட்டிப் பிடித்தேன். அவரும் வந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே, இதுல என்ன வித்தியாசம் கண்டே?" என்றார். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த நிற அட்டை ஞாபகம் வந்துவிட்டது. நூலைக் கீழே வைத்துவிட்டு அவர் பையைத் திறந்தேன்.

அன்று டாக்டர் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்திருந்தார். அவர் செய்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். குழாயில் ஊற்றி மூன்று சொட்டு விட்டுக் குலுக்கினேன். கிளிப்பச்சையைத் தாண்டி, மயில்கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வந்தது. கண் தெரிகிற யாரும் அதை மஞ்சள் என்று சொல்ல மாட்டார்கள்.

"இது என்ன நிறம், சொல்லுங்க."

குழாயை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, "மஞ்சள்" என்றார். "ரொம்பப் புளிச்சுப் போச்சு. நாளைக்கு இன்னும் அரை ஸ்பூன் சோடா போடணும்."

"அய்யோ, இது பச்சைங்க! பச்சைகூட இல்ல, நீலத்துக்குப் போயிட்டிருக்கு. நீங்க சோடாவைக் கொட்டிக் கொட்டித்தான் அதுங்களைக் கொன்னிருக்கீங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

"இருபத்தெட்டு வருஷமா பாக்குறேன். கிழிஞ்ச கால்சட்டை தைக்கிறவ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் "போங்க, போங்க" என்று கத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு தையல்கூட ஒழுங்காக விழவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். குளியலறைக் கதவருகே வாளிகளைப் பார்த்தபடி நின்றார். திரும்பாமலே பேசினார்.

"ஆறேழு மாசமா எனக்குச் சந்தேகம்தான். எல்லா நிறமும் ஒரே மாதிரி அழுக்கா தெரியுது. வெள்ளைச் சட்டை, மஞ்சச் சட்டை எல்லாம் ஒண்ணு. மஞ்சளா பச்சையான்னு தெரியல. தெரியாதப்ப சோடா போட்டேன்."

"தெரியாதப்ப எதுக்குப் போடணும்?"

"புளிப்பு ஏறினா ஒரே ராத்திரியில எல்லாம் போயிடும். காரம் ஏறினா மெதுவாத்தான் போகும். மெதுவாப் போனா, நடுவுல எப்படியாவது கண்டுபிடிச்சுச் சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்."

காரம் ஏறினால் மீனின் கழிவே அதற்கு விஷமாகிவிடும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார். அது தெரிந்தே செய்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை மாதம் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறாரே என்றுதான் இருந்தது.

"கண் டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டு கண்லயும் புரை. ஒவ்வொண்ணா எடுக்கணும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு மாசம் கனம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது." ஒரு வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "தூக்காம, குனியாம என்ன தொட்டி வேலை?" என்றார்.

மறுநாள் நானும் கிளம்பினேன். மீன் நாற்றம் என்று இருபத்தெட்டு வருடம் மூக்கைப் பொத்தியவள், ஆளுக்கொரு கேனாகத் தூக்கிக்கொண்டு அவரோடு இரண்டு மாடி ஏறினேன். முதல் மாடியிலேயே மூச்சு வாங்கியது. இதைத்தான் இவர் ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கினாரா என்று நினைத்தபோது அழுகையாக வந்தது, ஏறுகிற மூச்சில் அழவும் முடியவில்லை. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை டாக்டர் இருக்க மாட்டார். டோக்கன் கொடுக்கும் பெண் மட்டும் மேசையில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மீன்களைப் பார்த்தேன். சிவப்பும் ஆரஞ்சுமாக இருந்தவை என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலும் கறுத்துப்போய், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, மூலையில் தலை கவிழ்ந்து நின்றன. செவுள் மட்டும் வேகவேகமாக அடித்தது. துடுப்பின் ஓரமெல்லாம் அரித்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன்.

நான் கேனைச் சாய்த்து மொத்தத்தையும் ஊற்றப் போனேன். பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "காரத்தை ஒரே நாள்ல எறக்கினா அதுலயே செத்துடும். கெட்ட தண்ணியில இத்தனை நாள் இருந்து பழகிடுச்சு. நல்ல தண்ணின்னாலும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்." காற்றுக்குழாய் மாதிரி ஒல்லியான ஒரு குழாயைக் கேனிலிருந்து தொட்டிக்குப் போட்டு, சொட்டுச் சொட்டாக விழ வைத்தார். இரண்டு கேன் இறங்க இரண்டரை மணி நேரம். அதுவரை குழந்தைகளுக்குப் போட்டிருந்த குட்டிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு எண் வராது. அட்டையில் ஆறு புள்ளி ஏதோ, ஏழு புள்ளி ஏதோ என்று இருக்கும். நான் நூல்கண்டு நிறத்தைத்தான் சொல்வேன். முதல் நாள் மயில்கழுத்து. அவர் அதை மனசுக்குள் எண்ணாக்கிக்கொண்டு, அடுத்த நாளைக்கு எத்தனை வாளி ஃபில்டர் தண்ணீர், எத்தனை இலை என்று கணக்குப் போடுவார். இரண்டாம் நாளும் அதே நிறம். "சோடா அவ்வளவு சீக்கிரம் விடாது" என்றார். மூன்றாம் நாள் கிளிப்பச்சை. "கிளிப்பச்சையில முத்தின கிளியா, இளங்கிளியா?" என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சிரித்தோம். டோக்கன் பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள்.

நாலாம் நாள் போனபோது பெரிய மீன் பக்கவாட்டில் கிடந்தது. இவருக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். அதைச் சொல்ல வாய் வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார்.

"நான் சொல்லியிருந்தேன்ல" என்றார்.

தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். எனக்கு அந்த வேளையில் நியாயமெல்லாம் தோன்றவில்லை, வீட்டு வாடகைதான் தோன்றியது.

"தண்ணி மேல தப்பில்ல டாக்டர்" என்றார் இவர். "என் கண்ணு தெரியல. நிறம் தெரியாம சோடா போட்டுட்டேன். ஆறும் என்னாலதான் செத்துச்சு. மொதல்லயே சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்து சொல்லல."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். "மேல பாருங்க" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்லி, இவர் தாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணையும் பார்த்தார்.

"இதை வெச்சுக்கிட்டா ரெண்டு மாடி ஏறுனீங்க? கால் தவறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று இரைந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப நிறம் யார் பாக்கறது?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்."

"உங்களுக்குக் கண்ணு ஒழுங்கா இருக்கா?"

"ஊசியில நூல் கோக்கறேன் டாக்டர்."

"இவர் ஆபரேஷனுக்குப் போகட்டும். தொட்டி இருக்கட்டும். ஆனா செத்ததை நாலு மணிக்குள்ள எடுத்துடுங்க." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் எலுமிச்சையில் ஒரு பொட்டுப் பச்சை கலந்த நிறம் வந்தது. சரியாக அதுதான் வேண்டுமாம். மூன்று மீன்களும் மூலையை விட்டு வெளியே வந்திருந்தன. பத்தாம் நாள் வலது கண்ணில் ஆபரேஷன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பதினோரு தொட்டிக்கும் நான் தூக்கினேன். காலையில் மெஷின், மதியம் கேன், சாயங்காலம் மறுபடி மெஷின். முடிதிருத்தும் கடைக்காரர் "தொட்டியக்கா" என்று பெயரே வைத்துவிட்டார். இவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெறுங்கையோடு கூடவே வந்து, படிக்கட்டின் அடியில் நிற்பார். நான் இறங்கி வரும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். தோள்பட்டை இற்றுப்போய் நான் தரையில் நீட்டிப் படுத்த நாட்களில் அவர் "சாப்பிடு" என்பார். நான் "ம்" என்பேன்.

மாதம் முடிந்து கண் டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்ன அன்று நேராகக் குழந்தை டாக்டர் கிளினிக்குக்குத்தான் போனோம். கேனை நான்தான் தூக்கினேன். இவர் முன்னால் ஏறிவிட்டார். நான் மேலே போனபோது தொட்டிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். மீன்களுக்குப் பழைய சிவப்பு வந்துவிட்டது. சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

"இந்த ஓரமெல்லாம் அரிச்சு வெள்ளையா இருக்கே, எப்பருந்து?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். "அப்பவே இருந்துச்சு" என்றேன்.

"ஒண்ணுக்கு ஒரு பக்கத் துடுப்பே இல்ல."

"இல்ல. அது வளராதுன்னு நினைக்கிறேன்."

"நான் கேட்டப்போ இருக்குதுங்கன்னு சொன்னியே."

"இருந்துச்சுதானே."

குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் இருந்த ஒரு குழந்தை அவரையே பார்த்தது. ஆபரேஷன் ஆன கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்ற கண்ணால் தொட்டியைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"இந்தக் கண்ணுல அந்த வெள்ளை தெரியல. இதுக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றார். "ஒண்ணு போதும். எண் பாக்க ஒண்ணு போதும். இது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் இடது தோளைத் தூக்க முடியவில்லை. கைவிரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நாலு நாளாகத் தைக்காத துணி வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. சரி, வேண்டாம் என்று அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே எனக்கு விடுதலை.

"தேதி வாங்கிட்டேன்" என்றேன். "அடுத்த வாரம். பண்ணிக்குங்க. இன்னொரு மாசம் நான் தூக்கறேன்."